துணைக்குப் போனவள்

இசக்கிசெல்விக்கு சசிகலாவைக் கண்டாலே ஆகாது. ஹாஸ்டல் நடத்துகிறவளுக்கும் அதில் தங்கியிருக்கிற பெண்ணுக்கும் தண்ணீருக்காகவும் மொட்டைமாடிக் கொடிக்காகவும் வருகிற சில்லறைச் சண்டை இல்லை அது. வள்ளியூர்ப் பக்கத்து ஊரில் இசக்கிசெல்வியின் அப்பா நெஞ்சுவலியில் போனார் என்று ஒருநாள் ராத்திரி போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் கேட்டுக்கு ஓடினாள். "பத்து மணிக்கு மேல பொண்ணுங்கள வெளிய வுட்டா நாளைக்கு எனக்குத்தான் கேள்வி. விடியட்டும், போ" என்று சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள் சசிகலா. விடிந்து பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள். இசக்கிசெல்வி ஈர மண்ணைத்தான் பார்த்தாள்.

அப்படியும் அவள் அந்த ஹாஸ்டலை விட்டுப் போகவில்லை. கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடம் வாசலிலேயே இருந்தது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து தள்ளாடி இறங்குகிற பெண்ணுக்கு அது பெரிய விஷயம். தவிர, விட்டுப்போனால் யாரை முறைப்பது? தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்த்து முறைத்துவிட்டுப் பஸ் ஏறுவது அவளுக்கு ஒரு தெம்பாகக்கூட இருந்தது.

சசிகலாவின் மாமனார் நெல் போட்ட நிலத்தில் பாதிக்குமேல் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மீதியிருந்ததில் ஹாஸ்டல் கட்டினார்கள். புருஷன் தசரதன் வேன்கள் வாங்கிக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கான்ட்ராக்ட் எடுத்தான். பணம் வந்தது. பணத்தோடு அவனுக்கு ஒரு வாயும் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் வயிற்றைக் கிழித்துப் பெற்றவள் சசிகலா. தொங்கிப்போன அந்த வயிற்றைக் காட்டி, டிரைவர்கள் எதிரிலேயே, "இவ ஏறுனா ரெண்டு சீட்டு போயிடும்பா" என்பான். அவன் அம்மா முனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சசிகலாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஹாஸ்டலுக்கு வந்து பெண்கள்மேல் எரிந்து விழுவாள்.

ஒருநாள் இசக்கிசெல்வியை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். இசக்கிசெல்விக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து, மறுபடி எப்போது எடுப்பார்கள் என்று தெரியாத நேரம் அது.

"உன்னாண்ட பாஸ்போர்ட் கீதுல்ல? மலேசியாவுக்குப் போறேன்னு எடுத்தியே."

"இருக்கு. அதுக்கு என்ன?"

"நான் பாங்காக் போறேன். வூட்டுல லேடீஸ் டூர்னு சொல்லிக்கிறேன். துணைக்கு நீ வா."

"டூருக்குத் துணை எதுக்கு?"

சசிகலா புடவைக்கு மேலேயே வயிற்றை ஒரு கையால் பிடித்துக் காட்டினாள். "இத்த எடுக்கப் போறேன்."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் தமிழ்வாணன் ஏற்பாடு. முன்பெல்லாம் சிங்கப்பூர், மலேசியா என்று குடும்பங்களைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தவன், இப்போது ஆபரேஷனும் டூருமாக ஒரே பேக்கேஜ் போட்டுப் பெண்களை அனுப்பிக்கொண்டிருந்தான். சென்னையில் செய்துகொள்ள சசிகலாவுக்கு மனசில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கே ஊர்க்காரப் பெண் ஒருத்தி நர்ஸாக இருப்பாள், இல்லையென்றால் வாசலில் தசரதனின் வேன் நிற்கும்.

"வந்தவொடனே எம் புருஷங்கிட்ட சொல்லிப் புதுக் கம்பெனில உன்ன சேத்து வுடறேன். பெர்மனென்ட். வாயத் தொறக்கக் கூடாது, அவ்ளோதான்."

இசக்கிசெல்வி சரி என்றாள். வேலை ஒரு காரணம். இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடுப்பில் கத்தி படுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை.

பாங்காக்கில் கிளினிக் கண்ணாடியும் வெள்ளைச் சுவருமாகப் பளபளவென்றிருந்தது. தமிழ்வாணனின் ஆள் ஒருவன், தமிழ் பேசுகிறவன், மொழிபெயர்க்க வந்திருந்தான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் சசிகலாவை முந்திக்கொண்டு அவனே பதில் சொன்னான். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டது இங்கிலீஷில் இருந்ததால் இசக்கிசெல்விக்கும் புரிந்தது. நோ, என்றான் அவன்.

வெளியே வந்ததும் இசக்கிசெல்வி கேட்டாள். "யக்கா, தீட்டு நிக்கலன்னு மாசக்கணக்கா ஒரு மாத்திரை போடுதிய. கைப்பையில வச்சிருக்கிய. அதச் சொல்லாண்டாமா?"

"தமிழ்வாணன்தான் சொல்லாதன்னாரு. சொன்னா ஆபரேஷன தள்ளிப் போட்டுருவாங்களாம். உனுக்கு இன்னா அதுல? துணைக்கு வந்தியா, துணையா இரு."

இசக்கிசெல்வி அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கூட நடந்தாள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாளே ஒரு ஹோட்டல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வயிற்றில் இறுக்கமான பெல்ட், பக்கவாட்டில் ரத்தநீர் வடிகிற டியூப். நிமிர முடியாமல் கூன் போட்டு நடந்தாள் சசிகலா. டாய்லெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும், டியூபில் தேங்கியதைக் கொட்டியதும், உடம்பைத் துடைத்துவிட்டதும் இசக்கிசெல்விதான். ஆசைப்பட்டு வந்தாளே, அந்தக் காட்சியைக் கண்முன்னால் பார்த்தபோது அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. வலியில் சசிகலா அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். இவளும் மனசுக்குள் திருப்பித் திட்டிக்கொண்டே துடைத்தாள்.

இடையில் தமிழ்வாணனின் ஆள் வந்து, சசிகலாவுக்கு லிப்ஸ்டிக் போடச் சொல்லி, சுவரோரமாக நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனான். படம் எடுத்து முடித்ததும் சசிகலா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் சின்னப் பெண். மேஜைமேல் இருந்த விமான டிக்கெட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கையை விமானம்போல் பறக்கவிட்டுக் காட்டி, தலையை வேகமாக ஆட்டினாள். பிறகு சசிகலாவின் கெண்டைக்காலைத் தொட்டு, அங்கிருந்து நெஞ்சுவரை விரலால் ஒரு கோடு இழுத்து, நெஞ்சில் குத்திக் காட்டினாள். அவள் சொன்ன மொழி தெரியாவிட்டாலும் சொன்ன விஷயம் இசக்கிசெல்விக்கு விளங்கியது.

"யக்கா, இப்ப பிளைட்டுல போகக்கூடாதாம். காலுல என்னமோ ஆகி நெஞ்சுக்கு ஏறுமாம்."

"ஆமா, நீ தாய்லாந்துல பொறந்தவ, புரிஞ்சிக்கினே." சசிகலா தமிழ்வாணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மேடம், இன்னும் பத்து நாள் தங்கவெச்சு ரூம் வாடகை பிடுங்குறதுக்கு அவங்க சொல்ற கதை அது. நம்ம கஸ்டமருங்க நாலாம் நாளே ஷாப்பிங் போறாங்க. உங்களுக்குத்தான் டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிருக்கே, கெளம்பி வாங்க."

டூர் முடிகிற தேதியைத்தான் சசிகலா வீட்டில் சொல்லியிருந்தாள். ஒருநாள் தள்ளிப்போனாலும் தசரதன் கேள்வி கேட்பான். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள், டியூபை எடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் தளர்வான சுடிதார் போட்டு, துப்பட்டாவை விரித்துப் போர்த்திக்கொண்டு, பல்லைக் கடித்து நிமிர்ந்து நடந்தாள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவள் சென்னை வரும்வரை அசையவே இல்லை.

சென்னையில் தசரதனின் டிரைவர் திருமலை காரோடு வந்திருந்தான். "டூர்லாம் நல்லா இருந்திச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டிகளை ஏற்றினான். தாம்பரம் தாண்டி முடிச்சூர் வழியாக வண்டி போனது. சசிகலா பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கால் வலிக்கிறது என்று செருப்பைக் கழற்றினாள். இசக்கிசெல்வி குனிந்து பார்த்தாள். வலதுகால் எப்போதும்போல இருந்தது. இடதுகால் மட்டும் முழங்காலுக்குக் கீழே இறுகி, தோல் மினுமினுத்துப் பெருத்திருந்தது. தொட்டால் சுட்டது.

மணிமங்கலம் ஏரி தாண்டுவதற்குள் சசிகலா வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினாள். ஏசி காற்றிலும் நெற்றியெல்லாம் வேர்வை. உதடு கறுத்திருந்தது.

"யக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணுல்ல. நெஞ்சு குத்துது. வூட்டுக்குப் போனா சரியாப்பூடும்."

நர்ஸ் இழுத்துக் காட்டிய கோடு இசக்கிசெல்விக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று இவள்தானே சொன்னாள்? திறக்காமல் இருந்தால் என்ன? ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அப்பா முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தவள். அவள் பிள்ளைகள் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்து பார்க்கட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. உண்மையாகவே இனித்தது. கைகளை மடியில் கோத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சசிகலாவின் தலை அவள் தோளில் வந்து சாய்ந்தது. பிடிக்காதவள் தோள் என்றுகூடத் தெரியாமல் சாய்ந்திருந்தது. மூச்சு அவள் கழுத்தில் புஸ்புஸ்ஸென்று பட்டது.

"அண்ணாச்சி, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று கத்தினாள் இசக்கிசெல்வி.

சசிகலா நிமிர்ந்தாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "திருமலை, வூட்டுக்கு ஓட்டு. இவ பேச்சக் கேக்காத."

திருமலை கண்ணாடியில் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "இன்னாக்கா ஆச்சு? இன்னா செல்வி?"

"டூரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயித்தக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணிட்டு வாராவ. கால் வீங்கி, நெஞ்சு அடைக்கி. வீட்டுக்கு விட்டியன்னா பொணத்தத்தான் எறக்கணும். உங்க மொதலாளிக்கு நீங்கதான் பதில் சொல்லணும், பாத்துக்கிடுங்க!"

திருமலை வண்டியை விரட்டினான். படப்பைக்கு முன்னால் ரோட்டோரம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினான். சசிகலா அதற்குள் பேச்சில்லாமல் மடங்கிவிட்டாள்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். பெல்ட்டைப் பிரித்துப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன பண்ணியிருக்காங்க இவங்களுக்கு? எத்தனை நாளாச்சு? யாரு பிளைட்ல ஏறச் சொன்னது?"

இசக்கிசெல்வி தெரிந்ததைச் சொன்னாள். ஆபரேஷன் ஆன நாள், வயிற்றுத் தோலை வெட்டிக் கொழுப்பை எடுத்தது, டியூபை எடுத்த நேரம் எல்லாம். கைப்பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் அவளையே முறைத்தார்.

"ரத்தத்தை உறைய வைக்கிற மாத்திரை இது, இதைச் சாப்பிட்டுக்கிட்டு ஆபரேஷனா? காலில் ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கு. உறையாம இருக்க ஊசி போட்டா வயித்துப் புண்ணுல ரத்தம் கசியும். போடாட்டி மூச்சு நிக்கும். எதைச் செய்யச் சொல்றீங்க என்னை?"

"என்னைய ஏன் சார் ஏசுதிய? உசுரக் காப்பாத்துங்க."

ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றி தாம்பரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பயந்தபடியே நடந்தது. மூச்சு திரும்பியது. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கட்டி, சீழ் பிடித்து, தையலை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. தசரதன் வந்தான். விஷயம் தெரிந்ததும் ஐ.சி.யூ. வாசல் என்றும் பாராமல் கத்தினான். மனைவியிடம் கத்த முடியாததை எல்லாம் இசக்கிசெல்வியிடம் கத்தினான்.

"கூடவே இருந்துக்கினு இன்னாத்தப் புடுங்குன நீ? ஒரு போன் போட்டு எங்கிட்ட சொல்லத் தெரியல?"

முனியம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற போகிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் மருமகளின் வயிற்றுக் கதையைச் சொல்லி அழுதாள். சொல்வதும் அழுவதும் ஒருசேர நடந்ததால் வல்லக்கோட்டை வரைக்கும் கதை பரவிவிட்டது.

சசிகலா வீட்டுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த மறுநாள் இசக்கிசெல்வியின் பெட்டியும் பாயும் ஹாஸ்டல் வாசலில் கிடந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு சசிகலா நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"கெளம்பு."

"உங்க உசுரக் காப்பாத்துனதுக்கா?"

"யாரு கேட்டா? வூட்டுக்குப் போயிருந்தா செத்திருப்பேன். டூர் போன எடத்துல ஏதோ காய்ச்சல்னு போயிருக்கும். இப்ப டிரைவருலேந்து எல்லாம் என் வயித்தப் பத்திப் பேசிக்கினு கீறான். எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது."

"செத்திருந்தா அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கும், என்ன?"

"போடீ!"

"எங்கப்பா மொகத்தப் பாக்க விடாதவ நீ. ஒன்ன அந்தக் கார்லயே விட்டிருக்கணும். விடணும்னுதான் நெனச்சேன்" என்றாள் இசக்கிசெல்வி. சசிகலாவுக்கு எதிரே முதல்முறையாக 'நீ' என்று வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு வந்தாள்.

சுங்குவார்சத்திரத்தில் ஊர்ப் பெண்கள் நாலு பேரோடு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டாள். அங்கேதான் அந்தப் பேச்சு அவள் காதுக்கு வந்தது. துணைக்குப் போன பெண் சசிகலாவின் காலைப் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டதால்தான் ரத்தம் கட்டியது, கிளினிக் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தமிழ்வாணன் சொல்லிக்கொண்டு திரிந்தான். தசரதன் வீட்டிலும் அதை ஒத்துக்கொண்டார்களாம். குற்றத்தைத் தூக்கி வைக்க ஒரு தெற்கத்திப் பெண் கிடைத்தது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

இசக்கிசெல்வி சசிகலாவுக்குப் போன் போட்டாள். "தமிழ்வாணன் ஆபீசுக்குப் போறேன். நான்தான் ஒன் காலத் தேச்சேன்னா, அங்க வந்து எம் மூஞ்சிக்கு நேரா சொல்லு." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

மாடிப்படி ஏறி உள்ளே போனபோது தமிழ்வாணன் எதிரில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகளுக்கு மூக்கைச் சரிசெய்ய வேண்டுமாம். இசக்கிசெல்வி உட்காரவில்லை.

"ஆபரேஷன் பண்ணி அஞ்சாம் நாள் பிளைட்டுல ஏத்துனது யாரு? மாத்திரையச் சொல்லாதன்னு சொன்னது யாரு? அத இவங்களுக்குச் சொல்லுங்க மொதல்ல."

தமிழ்வாணன் அசரவில்லை. அந்தத் தாயைப் பார்த்துச் சிரித்தான். "வேலை போன பொண்ணும்மா, கொஞ்சம் மனசு சரியில்ல. நீங்க இந்தப் படத்தைப் பாருங்க. இவ சொல்றாளே, அதே மேடம். எப்படி இருக்காங்க பாருங்க." செல்போனை மேஜைமேல் வைத்து அவர்கள் பக்கம் தள்ளினான். லிப்ஸ்டிக் போட்டு, சுவரோரம் நின்று சிரிக்கிற சசிகலா.

படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறுகிற சத்தம். கதவருகே சசிகலா வந்து நின்றாள். மூச்சு இரைத்தது.

தமிழ்வாணன் சட்டென்று எழுந்தான். "வாங்க மேடம்! நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க காலை இந்தப் பொண்ணுதானே தேய்ச்சுது? சொல்லுங்க."

சசிகலா மேஜைமேல் இருந்த செல்போனையே பார்த்தாள். அதைக் கையில் எடுத்து, தன் சிரிப்பை உற்றுப் பார்த்தாள்.

"இத்த எத்தினி பேருக்குக் காட்டிக்கினு கீற?"

"மேடம், அது சும்மா ஒரு..."

அவள் செல்போனை வைத்துவிட்டு அந்தத் தாய்க்கும் மகளுக்கும் எதிரே போய் நின்றாள். முந்தானையை விலக்கினாள். கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கினாள். இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தோல் சுருங்கி, கறுத்து, நடுவில் இன்னும் மூடாமல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. தொப்புள் இருந்த இடம் தெரியவில்லை. தமிழ்வாணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகள் கையால் வாயைப் பொத்தினாள்.

"நல்லா பாரும்மா. போட்டோல இது தெரியாது" என்றாள் சசிகலா. "மாத்திரைய மறைக்கச் சொன்னது இவன். பிளைட்டுல ஏறச் சொன்னதும் இவன். மூக்கு சின்னதா இருந்தாலும் கத்தி கத்திதான். பண்ணிக்கிறதா இருந்தா உன் வூட்டாளுங்க தெனம் வந்து பாக்கற எடத்துல பண்ணு. கேள்வி கேட்டா பதில் சொல்ற டாக்டரா பாரு. இவங்கிட்ட வராத."

"மேடம், இது நல்லாயில்ல. உங்க வீட்டு சார்கிட்ட பேசறேன் நான்."

"பேசு. ஊருக்கே தெரிஞ்சிபோச்சு, இனிமே எனக்கு இன்னா கீது? போலீஸ் ஸ்டேஷன்லயும் இதே மாதிரி காட்டுவேன். வக்கீலாண்டயும் காட்டுவேன்."

தாய் எழுந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். தமிழ்வாணன் அவர்கள் பின்னாலேயே ஓடினான்.

அறையில் இருவர் மட்டும் நின்றார்கள். சசிகலா கொசுவத்தைச் சரிசெய்தாள். அது நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. இசக்கிசெல்வி கை கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"போலீசுக்குப் போனா நீ வந்து நடந்தத சொல்லுவியா?" என்றாள் சசிகலா, சுவரைப் பார்த்து.

"சொல்லுவேன். ஒனக்காக இல்ல. எம்மேல பழி போட்டான்லா, அதுக்கு."

"எனுக்கும் உன்ன பாத்தா வயிறு எரியத்தான் எரியுது" என்றாள் சசிகலா. "வர்ற வாரம் ஸ்டேஷனுக்குப் போவலாம். போன் பண்றேன்."

தனித்தனியாகத்தான் படி இறங்கினார்கள். கீழே ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் சசிகலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரர் இறங்கிவந்து கை கொடுத்தார். சுங்குவார்சத்திரம் பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, இசக்கிசெல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.